ஒரு படி தவிடு

கோயம்புத்தூர்
11.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இசக்கி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? முப்பிடாதிக்கு இருமல் விட்டதா? அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. முதலில் நல்ல சேதி. வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதப் பையன், பெயர் அச்சுதன், அச்சு என்று கூப்பிடுகிறார்கள். காலையில் குளிப்பாட்டுவதிலிருந்து இரவு தூங்கவைப்பது வரை அவன் என் பொறுப்பு. சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வேறு ஆள். வீட்டுக்காரர்கள் முகுந்தன் சார், மாதுரி மேடம். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. சாரின் பூர்வீகம் எது தெரியுமா? ஆழ்வார்திருநகரி. நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடலாம். நம் பக்கத்து ஆள் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டே பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் ஏஜென்சிக்காரம்மா இரண்டு வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். இரண்டிலும் முதல் கேள்வி, உனக்கு எத்தனை பிள்ளை என்பதுதான். இல்லை என்றேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பினார்கள், இன்னொரு வீட்டில் அதுவும் இல்லை. மூன்றாவது வீட்டுக்கு லிஃப்டில் ஏறும்போது அவள் சொன்னாள், பெற்று வளர்த்தவளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இதுவும் தவறினால் நீ ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான் என்று. ஊருக்கு வந்து என்ன செய்ய? வெள்ளம் வாழையைக் கொண்டுபோன பிறகு உனக்கே ஒழுங்காக வேலை இல்லை. பிள்ளை இல்லை என்று புருஷன் பேச்சிராஜ் என்னை அனுப்பிவிட்ட நாளிலிருந்து உன் வீட்டு மூலையில்தான் படுத்திருக்கிறேன். இன்னும் எத்தனை காலம் படுப்பேன்?

மாதுரி மேடமும் அதையேதான் கேட்டார். "உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொம்பளப் பிள்ள. பேரு முப்பிடாதி. ஆறாவது படிக்கா. அக்கா வீட்டுல நிக்கா" என்றேன்.

திட்டாதே அக்கா. முழுப் பொய்யும் இல்லைதானே. ஒரு படி தவிடு கொடுத்து அவளை வாங்கியவள் நான்தானே. சொல்லும்போது என் குரல் நடுங்கவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இனி ஃபோன் விஷயம். இந்த வீட்டில் கூடத்திலும் அறைகளிலும் கேமரா உண்டு. அதற்குக் கண் மட்டுமில்லை, காதும் இருக்கிறது. சார் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்ப்பார். அங்கே அத்தானோ ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு டீக்கடை முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவர். ஆகவே ஃபோனில் வெறும் நலம் விசாரிப்புதான், மற்றதெல்லாம் கடிதத்தில். அபார்ட்மெண்ட் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் இன்பமணி அக்கா நாசரேத்துக்காரி, நம் பக்கம்தான். கவரின் பின்னால் அவள் விலாசம் இருக்கிறது, அதற்கு எழுது.

யாராவது கேட்டால் முப்பி என் மகள் என்று சொல்லிவிடு. யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு தைரியத்துக்குச் சொல்லி வைக்கிறேன்.

முப்பியின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் தங்கை
இசக்கிச்செல்வி

*

ஸ்ரீவைகுண்டம்
24.11.2024

தங்கச்சி இசக்கிக்கு தங்கத்தாய் எழுதுவது. கால் வீக்கம் அப்படியேதான். மற்ற இரண்டு பேரும் சுகம். உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதுவதைப் படித்தால் நான் சந்தோஷப்பட்டேன் என்றே உனக்குத் தோன்றாது.

என்ன காரியம் செய்திருக்கிறாய்? பொய்தான் சொல்ல வேண்டும் என்றால் இல்லாத பிள்ளை ஒன்றைச் சொல்லியிருக்கலாம். இருக்கிற பிள்ளையை ஏன் இழுத்தாய்?

உனக்கு மறந்திருக்காது. என் முதல் பிள்ளை மூன்று நாள் கூட இருக்கவில்லை. இரண்டாவது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியபோது போயிற்று. மூன்றாவதாக இவள் வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தாள். உன் பிள்ளை என்று இருந்தால் தங்காது, தவிட்டுக்கு விற்றுவிடு என்று என் மாமியார் சொன்னாள். வாசலில் முறத்தில் கிடத்தினோம். வாங்க வருவதாக இருந்த மேலத்தெருக்காரி வரவில்லை. வெயில் ஏறுகிறது, பிள்ளை கத்துகிறது. அப்போது நீ ஒரு படி தவிட்டை அள்ளிக்கொண்டு வந்து நின்றாய். கல்யாணமாகாத பெண் வாங்கலாமா என்று மாமியார் முணுமுணுத்து முடிப்பதற்குள் படியைக் கவிழ்த்துவிட்டு முறத்தைத் தூக்கிவிட்டாய்.

அன்றிலிருந்து புது ஆள் யார் கேட்டாலும், இது தங்கச்சி வாங்கின பிள்ளை, நான் வளர்க்கேன் என்றுதான் சொல்லிவருகிறேன். பெற்ற வாயால் அப்படிச் சொல்ல எவ்வளவு வலிக்கும் என்று உனக்குத் தெரியாது. ஏழு வயதில் பொங்கலிட்டுத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து அவளை மீட்டிருக்க வேண்டும். அந்த வருஷம் கொரோனா. பிறகு ஒன்று மாற்றி ஒன்று, அப்புறம் வெள்ளம். தள்ளிப்போய்விட்டது.

அது சாமிக்கும் நமக்கும் உள்ள காரியம். அதை நீ வேலை கேட்கப் போன இடத்தில் எடுத்து விட்டிருக்கிறாய். சொன்னது சொன்னதுதான், இனி அவள் பேச்சை நீயாக எடுக்காதே.

நேரத்துக்குத் தூங்கு. தலையில் ஈரத்தோடு நிற்காதே.

தங்கத்தாய்

*

கோயம்புத்தூர்
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இன்பமணி அக்கா இஸ்திரி போட்ட துணி மடிப்புக்குள் வைத்துக் கொடுத்தாள். மாடிப்படியில் நின்று படித்தேன். இங்கே குளிர் தொடங்கி எனக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான். உன் காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறாயா?

அவள் பேச்சை நான் எடுப்பதில்லை. மேடம் எடுக்கிறார். முப்பி எப்போது குப்புற விழுந்தாள், முதல் பல் எப்போது வந்தது, ஊசி போட்ட அன்று எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது அக்கா. அவள் ஆட்டுக்குட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முதல் முதலில் எழுந்து நின்றபோது நானும் அங்கேதானே இருந்தேன். பதில் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரியே இல்லை.

மேடத்துக்கு அச்சுவுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே, ஒன்று பிறந்த மறுநாள். இவனும் மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தவன். இன்னும் எடை ஏறவில்லை. அவன் தூங்கினால் மேடம் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். ஆபீசில் இருந்து ஃபோன் செய்து, "மூச்சு விடுறானா, பக்கத்துல போய்ப் பாருங்க" என்பார். அப்படிப் பயப்படுகிறவர், அவனை என் கையில் கொடுக்கும்போது மட்டும் ஒரு நொடி கூட யோசிப்பதில்லை.

அதை உனக்கு எப்படிச் சொல்ல? போன வருஷம் நம் தெருவில் நடந்த வளைகாப்பில் சந்தனக் கிண்ணம் என்னைத் தாண்டிப் போனதை நீயும் பார்த்தாய். பார்க்காத மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாய். பிள்ளையைத் தூக்கினால் தாய்க்காரி பின்னாலேயே வந்து பால் கொடுக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போவாள். இங்கே அச்சு என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தூங்குகிறான், யாரும் வாங்கிக்கொண்டு போவதில்லை. என் மக, என் மக என்று நான் சொல்லுவது வேலைக்காக மட்டும் என்று சொன்னால் அதுதான் பெரிய பொய்.

மேடம் முப்பிக்குக் கவுன் எடுத்திருக்கிறார், அனுப்பியிருக்கிறேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் வேண்டுமாம். அத்தானின் பட்டன் ஃபோனில் படம் வராது. பஜாரில் ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பு. இது ஒன்றுதான், இனிக் கேட்க மாட்டேன்.

உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு,
இசக்கி

*

கோயம்புத்தூர்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போனதா? கரும்பு கடித்து முப்பிக்கு வாய் புண்ணாகியிருக்குமே. படம் வந்தது. கூட ஒரு வரி எழுதினால் உன் விரல் தேய்ந்துவிடுமா? வெறும் கவரைப் பார்த்து எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. படத்தை மேடம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார். பால் எடுக்கும் போதெல்லாம் முப்பி என்னைப் பார்த்து முறைக்கிறாள். உன் முறைப்புதான் அது.

ஒரு காரியம் நடந்துபோயிற்று, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்ற வாரம் அத்தான் ஃபோனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார், பேச்சிராஜ் இரண்டாவது கட்டியவளுக்கு ஆண் பிள்ளை என்று. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நானும் சரி அத்தான் என்று வைத்துவிட்டேன். அச்சுவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள், எப்போது அழத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஏழு வருஷம் அவன் வீட்டில் இருந்தேன். குறை யாரிடம் என்று இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. அதை நினைத்துத்தான் அழுதேன், அவனுக்காக இல்லை.

நான் கேமராவை மறந்துவிட்டேன். சார் ஆபீசில் பார்த்து மேடத்திடம் சொல்லி, மேடம் பாதி வேலையில் கிளம்பி வந்துவிட்டார். என்ன இசக்கி, என்ன இசக்கி என்று தோளைப் பிடித்து உலுக்குகிறார். உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மகளுக்குக் காய்ச்சலாம். கொதிக்குதாம்."

அதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்றார், டாக்டர் நம்பர் தேடினார், சாமி அறையில் விளக்கேற்றினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டேன். வேறு யார் பேரில் இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன், முப்பி பேரில் சொன்னதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை முப்பிக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிடு. எனக்காக.

பதில் போடு. இந்தத் தடவையாவது.

இசக்கி

*

கோயம்புத்தூர்
18.2.2025

அக்கா,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கக் கூட இப்போது பயமாக இருக்கிறது. பதிலே இல்லை. தினமும் இன்பமணி அக்கா என்னைப் பார்த்ததும் இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அத்தானுக்கு ஃபோன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை. அப்புறம் எடுத்து, "இருக்கோம் இருக்கோம், அங்கன எல்லாம் சுகந்தானா" என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை அக்கா. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பின்னால் டீக்கடைச் சத்தம் இல்லை, யாரோ பெயர் வாசித்துக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

கோபம் என்றால் திட்டி எழுது. நாலு பக்கம் திட்டி எழுது. சும்மா இருக்காதே.

இசக்கி

*

ஸ்ரீவைகுண்டம்
3.3.2025

இசக்கிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். பாளையங்கோட்டையில் கொஞ்ச நாள் இருக்க வேண்டியிருந்தது, அதனால் எழுதவில்லை. ஆடு இரண்டையும் கொடுத்துவிட்டோம், மேய்க்க ஆள் இல்லை. பிள்ளைக்கு முடி இறக்கியாயிற்று. வெயிலுக்கு நல்லது.

அச்சு சுகமா? அவனை நன்றாகப் பார்த்துக்கொள்.

தங்கத்தாய்

*

கோயம்புத்தூர்
9.3.2025

அக்கா,

நான் என்ன சின்னப் பிள்ளையா? வெயிலுக்கு முடி இறக்குகிறவளா நீ? அந்தப் பின்னலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் காய்ச்சுகிறவள். ஆட்டைக் கொடுக்கிறவர்களா நீங்கள்? பாளையங்கோட்டையில் நமக்கு யார் இருக்கிறார்கள், ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியைத் தவிர?

முப்பிக்கு என்ன? மறைக்காமல் எழுது. மேடம் இன்னும் என்னிடம் கேட்கிறார், பிள்ளைக்கு அப்புறம் காய்ச்சல் வரவில்லையே என்று. இல்லை மேடம் என்று சொல்லிவிட்டு அச்சுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

இசக்கி

*

ஸ்ரீவைகுண்டம்
20.3.2025

இசக்கிக்கு,

இப்போது பிள்ளை எழுந்து நடக்கிறாள், சாப்பிடுகிறாள். அதை முதலில் படித்துக்கொள். பிறகு மற்றதைப் படி.

அவளுக்குக் காய்ச்சல் என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். சாயங்காலம் பையை இறக்கி வைத்துவிட்டு, "தலைய வலிக்கும்மா, குளிருது" என்று பாயில் படுத்தாள். தொட்டால் கொதிக்கிறது. நீ எழுதியிருந்த அதே சொல்தான் என் வாயிலும் வந்தது, நானும் உன் அத்தானிடம் கொதிக்குது என்றுதான் சொன்னேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், காய்ச்சல் விடவில்லை. ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொசுக் காய்ச்சலாம், ரத்தத்தில் அணு குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். கை காலெல்லாம் சிவப்புப் புள்ளி. ஈறில் ரத்தம். ஒரு நாள் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். அன்று வேண்டிக்கொண்டதுதான் முடி. அத்தான் அழுது நான் பார்த்ததில்லை, பார்த்தேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், உன் மேல் இருந்த ஆத்திரத்தில் என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியவில்லை. கொசு கடித்து வந்தது என்று டாக்டர் சொல்வது எனக்கும் விளங்குகிறது. வார்டு நிறைய அந்தக் காய்ச்சல்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நீ வாயால் வரவழைத்த காய்ச்சல் என்றுதான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் அவளை மீட்கப் போகிறேன். வாங்கியவள் கையால்தான் திருப்பி வாங்க வேண்டும், அதனால் நீ வர வேண்டும். ஒரு படி தவிட்டை நீ வாங்கிக்கொண்டு என் பிள்ளையை என் கையில் கொடுத்துவிடு. அதற்குப் பிறகு நீ அவளுக்குச் சித்தி மட்டும்தான். இனி அந்த வீட்டில் அவள் பேரைச் சொல்லாதே.

தங்கத்தாய்

*

கோயம்புத்தூர்
18.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பிக்கு முடி வளர்ந்திருக்குமா? நீ சாப்பிடுகிறாயா? என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இருக்கிறேன்.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மன்னித்துவிடு என்று எழுதினால் சின்னதாக இருந்தது. நீ சொன்னபடி ஆனியில் வருகிறேன். தவிட்டை வாங்கிக்கொண்டு அவளை உன் கையில் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்கு நான் அழுதால் கண்டுகொள்ளாதே, எப்போதும் அழுகிறவள்தானே.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த படத்தை எடுத்து என் பைக்குள் வைத்துவிட்டேன். தண்ணீர் பட்டுவிடும் என்று மேடத்திடம் சொன்னேன். அதுவும் பொய்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாய் வரை வந்தது. சொன்னால் அன்றைக்கே வேலை போகும். பொய் சொன்னவள் கையில் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்? அச்சு இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டுகிறான். இவனையும் விட்டுவிட்டு நான் எங்கே போவேன் அக்கா?

வைகாசிக் கருட சேவைக்கு அவர்கள் ஆழ்வார்திருநகரி வருகிறார்கள், அச்சுவுக்கு முதல் தடவை. என்னை வர வேண்டாம், வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். பயப்படாதே, ஸ்ரீவைகுண்டம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், தெருப் பேர் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வந்ததும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தைரியம் அதற்குள் வந்துவிடும்.

உன் தங்கை
இசக்கி

*

ஸ்ரீவைகுண்டம்
10.6.2025

இசக்கிக்கு அக்கா எழுதுவது. பிள்ளை சுகம், நாங்களும் சுகம். இது கையில் கிடைக்கும்போது நீ எந்த நிலைமையில் இருப்பாயோ.

அவர்கள் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது ஆதார் நகல் கொடுத்தாயே, அதில் நம் வீட்டு எண் வரை இருக்கிறதே. உனக்குத் தெரியாமல் வந்து பிள்ளைக்குப் புதுத் துணி கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போய் உன்னிடம் காட்ட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசையாம்.

கார் வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிட்டது. உன் சார் காரிலேயே ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் பைகளோடு வெயிலில் நடந்து வந்தார். நான் சாணிக் கையோடு நிற்கிறேன். நீங்கதானே இசக்கியோட அக்கா என்றார். கட்டிலில் உட்காரச் சொன்னேன். முப்பி உள்ளேயிருந்து மொட்டைத் தலையில் முளைத்த முடியோடு வந்து நின்றாள். படத்தில் பின்னல் இருந்ததே என்று அவர் கேட்டார்.

இத்தனை நாளும் உன் மேல் உள்ள கோபத்தில், எவர் வந்து கேட்டாலும் என் மகள் என்று சொல்லிவிடுவேன் என்றுதான் இருந்தேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷம் சொல்லாத வார்த்தை, சட்டென்று வெளியே வரவில்லை. நான் திணறுவதைப் பார்த்து அவர் முப்பியிடமே கேட்டுவிட்டார், அம்மா உன்னைப் பத்தி நிறைய சொல்லுவாங்க, அம்மாவைத் தேடுதா என்று.

அவள் என்னைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். "அம்மா இந்தாதான நிக்கா. நான் சித்தி வாங்குன பிள்ளல்லா. ஒரு படி தவிட்டுக்கு" என்றாள். அவளுக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே.

அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் இரண்டு பிள்ளை போனது, முறம், தவிடு, நீ தூக்கிக்கொண்டது. உனக்குப் பிள்ளை இல்லை என்பதையும் சொன்னேன். இசக்கி, மறைக்க எனக்கு வராது. அந்த அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அதுக்கப்புறம் இவளுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"மாசியில சாகக் கிடந்தா. பொழச்சுக்கிட்டா" என்றேன்.

பைகளை வைத்துவிட்டுப் போய்விட்டார். படம் எடுக்கவில்லை. உன் வேலை போனால் அதற்கு நான்தான் காரணம். போனால் போகட்டும், இங்கே வந்துவிடு. மூலை காலியாகத்தான் கிடக்கிறது. கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உன்னை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தங்கத்தாய்

*

கோயம்புத்தூர்
17.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். மனசைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். நீ சாப்பிடு.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். மேடம் அச்சுவை என் கையில் கொடுத்தார், எப்போதும் போலத்தான். ஆனால் பேசவில்லை. கோயில் பிரசாதத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாளும் பேசவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீசுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துகொண்டு நான் அவனுக்கு ஊட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுத் துணிகளை எடுத்துப் பையில் அடுக்கினேன். அச்சு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மேடம் என்னைத் துணி காயப்போடும் பால்கனிக்குக் கூப்பிட்டார். அங்கே கேமரா இல்லை. கதவைச் சாத்தினார். நானாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன் மேடம் என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பொய் சொன்னது எனக்கு இன்னும் கோபம்தான், அது சீக்கிரம் போகாது என்றார். காய்ச்சல் என்று சொன்னீர்களே, அன்றைக்கு நான் விளக்கேற்றி அழுதேன், அதுவும் பொய்யா என்று கேட்டார். அப்போது பொய், அப்புறம் நிஜமாகிவிட்டது என்றேன். அவர் அதற்குச் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"உங்க பேர்ல இருந்ததாலதான் அவ தங்கினாளா இசக்கி?"

"எனக்குத் தெரியாது மேடம்" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா.

கொஞ்ச நேரம் கொடியில் இருந்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்.

"அச்சுவை நீங்க வாங்கிக்கிறீங்களா?"

பிள்ளை இல்லாதவள் மேடம் நான், ஊரில் என் கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். என் வாயால் அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்கள் அக்கா கொடுத்தார்கள் இல்லையா என்றார். வாங்கினால் யார் கேட்டாலும் என் பிள்ளை என்றுதான் சொல்லுவேன், நீங்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும், உங்களுக்கு வலிக்கும் என்றேன். பரவாயில்லை, இவன் மூச்சைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ராத்திரி நான் தூங்கினால் போதும் என்றார். சாருக்கு மட்டும் தெரியக்கூடாதாம், சிரிப்பாராம். அதனால் எல்லாம் அந்தப் பால்கனியில்தான் நடக்கப் போகிறது.

இங்கே கடையில் தவிடு கேட்டேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் சாப்பிடுவது என்று ஒரு டப்பாவைக் கொடுக்கிறான். எனக்கு நம் மில் தவிடு ஒரு படி அனுப்பு. அன்றைக்கு நான் அவசரத்தில் தூக்கினேன், என்ன சொல்லி வாங்கினேன் என்று நினைவில்லை. அதையும் எழுது.

ஆனிக் கடைசியில் லீவு கொடுத்திருக்கிறார்கள். முப்பியைக் கொடுக்க வந்துவிடுவேன். பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அடுக்கிவிட்டேன். ஆனாலும் பயமாகவே இருக்கிறது அக்கா. இவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் இனி அது என் கணக்கில்தானே.

உன் தங்கை
இசக்கி

*

ஸ்ரீவைகுண்டம்
26.6.2025

அன்புள்ள இசக்கிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். கால் வீக்கமும் குறைந்திருக்கிறது, நீ சொன்ன ஒத்தடத்தைத்தான் கொடுக்கிறேன். அச்சுவுக்கு என் அன்பைச் சொல்.

ஒரு படி தவிடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே என்ன என்று தபால் ஆபீசில் கேட்டார்கள். தவிடு என்றேன். கோயம்புத்தூரில் மாடு வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன் பார்.

அன்றைக்கு நீ பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நான் வாங்கிக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாய். அது போதும். முறம் இல்லாவிட்டால் தாம்பாளத்தில் கிடத்துங்கள். தவிட்டைப் பெற்றவள் மடியில் கொட்டு. கொட்டிய பிறகு திரும்பிப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு உள்ளே போ. அந்த அம்மா அழுவார். அழட்டும், நானும் அழுதேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படித்தான் இருக்கும். அது விடாது.

ஆனியில் நீ வா, வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ. ஆனால் மீட்பதற்கு என்று வர வேண்டாம். ஆஸ்பத்திரியில் உன்னைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். என் பேரில் இருந்த இரண்டும் தங்கவில்லை. உன் பேரில் இருந்தவள்தான் அந்தக் கட்டிலில் இருந்து எழுந்து வந்தாள். அவளைத் திருப்பி வாங்க எனக்குத் தைரியம் இல்லை. உன் பேரிலேயே இருக்கட்டும். நான் வளர்க்கிறேன்.

மில்லில் வாங்கிச் சலித்து வெயிலில் காயவைத்துத் தூக்குவாளியில் மூடி வைத்திருந்தேன், அவளை மீட்பதற்கு என்று. அந்தத் தவிடுதான் இப்போது உனக்கு வருகிறது.

உன் மகள் பக்கத்தில் நின்று சித்திக்கு நானும் எழுதணும் என்கிறாள். இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா
தங்கத்தாய்